தாய்நாட்டு எண்ணும் அயல்நாட்டு அட்டையும்



விழா மேடையில் எடுத்துரைக்கத்தக்க அரும்பொருள்கள் பல இருக்க, கைபேசியில் செருகும் சிறு சிம் அட்டையைப் பற்றி ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களிலிருந்து வந்து இங்கே அமர்ந்திருக்கும் குடும்பங்களில், மகனோ மகளோ பேரப்பிள்ளையோ கடல்கடந்து வாழாத குடும்பங்கள் குறைவு. மகளின் பேறுகாலத்திற்கென்று அமெரிக்கா செல்லும் தாய்மார், பேரனைப் பார்த்துவரச் சிங்கப்பூர் செல்லும் பெரியவர்கள், கூட்டமாகச் சேர்ந்து ஐரோப்பாவைச் சுற்றிவரச் செல்வோர் என வெளிநாட்டுப் பயணம் பெருகிவிட்டது. பயணத்திற்குமுன் அப்பளமும் பருப்புப்பொடியும் எடைபார்த்துப் பெட்டியில் அடுக்கப்படுகின்றன. மருந்துகள் மருத்துவர் சீட்டோடு தனிப்பையில் வைக்கப்படுகின்றன. கைபேசியைப் பற்றிய பேச்சு மட்டும், விமான நிலையம் செல்லும் வண்டிக்குள்தான் தொடங்குகிறது.

"ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள்" என்பார் ஒருவர். "அங்கே இறங்கியதும் ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள், ரோமிங் வீண் செலவு" என்பார் மற்றொருவர். இருவரும் பேசுவது பணக்கணக்கே. அக்கணக்கைப் போடுவது எளிது; இவ்வுரையிலும் அது பின்னர் வரும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. புறப்படுபவரின் இந்திய எண்ணை எவையெவை நம்பியிருக்கின்றன என்பதே அது. அக்கேள்வியைக் கேளாமல் விட்டதனால் ஒரு குடும்பத்திற்கு நேர்ந்ததை முதலில் கூறுவது தகும்.

வந்தவாசிப் பக்கத்து ஊரினர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நியூ ஜெர்சியில் வாழும் மகளுக்குப் பிள்ளைப்பேறு. கணவனும் மனைவியுமாக ஏப்ரல் மாதம் புறப்பட்டு, ஆறு மாதம் தங்கிவரச் சென்றனர். ரோமிங் கொள்ளைச் செலவு என்று உறவினர் ஒருவர் அழுத்திச் சொல்லியிருந்தார். அங்கு இறங்கியதும் மருமகன் ஓர் உள்ளூர் அட்டையை வாங்கிக் கொடுத்தார். கைபேசியின் சிறு தட்டைக் குண்டூசியால் திறந்து, இந்திய அட்டையை எடுத்துக் காகிதத்தில் மடித்து, நாட்குறிப்பேட்டின் உறைக்குள் வைத்தனர். அன்றோடு அதனை எல்லோரும் மறந்தனர். பேரப்பிள்ளை பிறந்தான், குறையொன்றும் தோன்றவில்லை.

புறப்படும்போது செய்திருந்த ரீசார்ஜ் 84 நாளுக்கானது. ஜூலையில் அது முடிந்தது. முடிகிறது என்று எச்சரித்து நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள், நாட்குறிப்பேட்டுக்குள் உறங்கிய அட்டைக்குத்தான் அனுப்பப்பட்டன.

செப்டம்பரில் ஓர் இரவு, சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. ஆசிரியரின் தம்பிக்கு நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்துவிட்டனர், அறுவை செய்வதற்கு முன்பணமாக 2 இலட்சம் ரூபாய் கட்டவேண்டும். ஆசிரியரின் கணக்கில் பணம் இருந்தது. இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தவும் அவர் அறிந்தவரே. பெயர், கடவுச்சொல், தொகை அனைத்தையும் பிழையின்றி இட்டார். "பதிவுசெய்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது" என்றது திரை. அந்த எண்ணுக்கு உரிய அட்டை காகித மடிப்புக்குள் இருந்தது.

அதனைத் தேடியெடுத்துச் செருகினர். அலைவரிசை கிட்டவில்லை. வெளிநாட்டில் இயங்கும் வசதியை இந்தியாவிலேயே கேட்டுப் பெற்றிருக்கவில்லை என்பது ஒரு காரணம். வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தபோது மற்றொன்றும் தெரிந்தது: நெடுநாள் பயன்பாடின்மையால் எண்ணே முடக்கப்பட்டுவிட்டது. மீட்பதானால் உரியவர் ஆதாருடன் நேரில் வரவேண்டும் என்றனர். நியூ ஜெர்சியிலிருந்து நேரில் வருவது எங்ஙனம்? மகள் தன் அமெரிக்கக் கணக்கிலிருந்து அனுப்பிய பணம் சென்னையை அடைய இரண்டு நாளாயிற்று. அதற்குள் தம்பியின் மகள் தன் வளையல்களை அடகுவைத்து முன்பணம் கட்டியிருந்தாள். தம்பி பிழைத்துக்கொண்டார். எனினும், பணம் இருந்தும் உதவ இயலாமற் போன அவ்விரவைப் பற்றி ஆசிரியர் இன்றும் அதிகம் பேசுவதில்லை.

இதில் குற்றம் உள்ளூர் அட்டை வாங்கியதில் இல்லை. ஆறு மாதத் தங்கலுக்கு அதுவே தக்கது. இந்திய அட்டையைக் கழற்றி வைத்ததும், அதற்கு உயிரூட்டாமல் விட்டதுமே குற்றம். இதனை விளங்கிக்கொள்ள, சிம் அட்டை என்பது யாது, ரோமிங் என்பது எவ்வாறு நடைபெறுகிறது என்பவற்றைச் சற்று அறிதல் வேண்டும்.

அட்டையின் பொன்னிறச் சில்லுக்குள் 15 இலக்கம் வரையுள்ள ஓர் அடையாள எண் பதிந்துள்ளது. பிறர் அழைக்கும் பத்து இலக்கக் கைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, ஐக்கிய அரபு அமீரகத்திற்கு 424. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி ஒருவர் கைபேசியை உயிர்ப்பித்தவுடன், அது அங்குள்ள கோபுரத்திடம் தன் அடையாள எண்ணைக் கூறுகிறது. 404 என்று தொடங்குவதைக் கண்ட சிங்கப்பூர் நிறுவனம், இவர் நம் வாடிக்கையாளர் அல்லர் என்று உணர்ந்து, இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தை வினவுகிறது. "ஆம், எம்மவரே, செலவு எம் பொறுப்பு" என்று அங்கிருந்து விடை வந்தால் மட்டுமே கைபேசியில் அலைவரிசைக் கோடுகள் தோன்றும். ஊர்ப்பெரியவரிடம் சீட்டு வாங்கிச் சென்று அயலூர்ச் சத்திரத்தில் தங்குவதை ஒத்தது இது. சீட்டு இல்லையேல் இடமில்லை. ரோமிங் வசதியைப் புறப்படுமுன் இயக்கிவைக்க வேண்டும் என்பது இதனால்தான். இத்தகைய ஒப்பந்தம் முதன்முதலில் 1992ஆம் ஆண்டு, பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றுக்கும் இடையே ஏற்பட்டது. இன்று உலகமெங்கும் பரவியுள்ளது.

சத்திரத்தில் தங்கியவர்க்கு ஆகும் செலவை, அந்நாட்டு நிறுவனம் தாய் நிறுவனத்திடம் பெறும். தாய் நிறுவனம் தன் பங்கையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் பெறும். விலை உயர்வதன் காரணம் இதுவே.

வரும் அழைப்புக்கும் ஏன் கட்டணம் என்று பலர் கேட்பதுண்டு. வந்தவாசியில் இருப்பவர் ஓர் இந்திய எண்ணை அழைக்கிறார். எண்ணுக்குரியவர் டொரன்டோவில் இருப்பதை அவர் அறியார். அறிந்திருந்தாலும் அவர் செலுத்துவது உள்ளூர்க் கட்டணமே. அழைப்பு முதலில் இந்தியத் தாய் நிறுவனத்தை அடைகிறது. அங்கிருந்து கடல் தாண்டி டொரன்டோ செல்கிறது. அக்கடல் தாண்டும் செலவு எடுத்துப் பேசியவரைச் சாரும். திருமண அழைப்பு விடுக்கப் பேசுபவர், மணமகன் வீட்டு வரலாற்றையும் சேர்த்து அரைமணி நேரம் உரைத்தால், அதன் சுமை கேட்டுக்கொண்டிருப்பவர் தலையில். புறப்படும் முன்னரே உற்றார்க்கெல்லாம், "வாட்ஸ்அப்பில் அழையுங்கள்" என்று சொல்லிச் செல்வது இருபாலார்க்கும் நலம்.

குறுஞ்செய்தியின் நிலை வேறு. வெளிநாட்டில் இருக்கையில் வந்துசேரும் குறுஞ்செய்திக்கு இந்திய நிறுவனங்களில் பொதுவாகக் கட்டணம் இல்லை. அனுப்பினால்தான் கட்டணம். ஆசிரியரின் இந்திய அட்டை, ரோமிங் வசதியோடு கைபேசிக்குள் வெறுமனே இருந்திருந்தால், அந்த ஓ.டி.பி. செலவின்றியே வந்திருக்கும். ரோமிங் என்றாலே கொள்ளை என்று அஞ்சி ஒதுக்குவோர் அறிய வேண்டிய செய்தி இது. ரோமிங்கை இயக்குவது வேறு. ரோமிங்கில் பேசுவதும் இணையத்தைத் திறப்பதும் வேறு. சில நிறுவனங்கள் இதற்கெனச் சிறுதொகைத் திட்டம் ஒன்றைக் கேட்கலாம். அதனைப் புறப்படும் முன் அவர்களிடமே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இனிப் பணக்கணக்கு. ரோமிங் திட்டத்தின் விலை பயண நாட்களைத் தொடர்ந்து ஏறும். ஒரு நாளுக்குச் சில நூறு ரூபாய் என்று கொள்ளலாம். உள்ளூர் அட்டையின் விலையோ பெரும்பாலும் ஒருமுறைச் செலவு; சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிக்கான அட்டை ஏறத்தாழப் பதினைந்து வெள்ளிக்குள் கிடைக்கும். மூன்று நான்கு நாள் பயணமானால் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இராது; அட்டை மாற்றும் தொல்லையின்றி ரோமிங்கில் இருப்பதே அறிவுடைமை. இரண்டு வாரத்தைத் தாண்டினால் உள்ளூர் அட்டை தெளிவாக வெல்லும். மாதக்கணக்கில் தங்குவோர் ரோமிங் இணையத்தை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

நாட்களின் எண்ணிக்கையைப் போலவே நாடுகளின் எண்ணிக்கையும் கணக்கை மாற்றும். ஐரோப்பியச் சுற்றுலா இதற்குச் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஒரு நாட்டு அட்டையைப் பிற நாடுகளிலும் உள்நாட்டுக் கட்டணத்திலேயே பயன்படுத்தும் விதி 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பாரிசில் வாங்கிய அட்டை பிரசல்சிலும், ஆம்ஸ்டர்டாமிலும், ரோமிலும் இயங்கும். ஆனால் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பு நாடன்று. இவ்விதியும் அதனைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் சுற்றுலாக் குழுவினர் ஏறத்தாழ எல்லோரும் காண விரும்புவது அந்நாட்டுப் பனிமலையைத்தான்! ஜெர்மனியிலிருந்து பேருந்து எல்லையைக் கடக்கும். கைபேசி தானே சுவிஸ் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். பனிமலைப் படங்களை ஊருக்கு அனுப்பும் வேகத்தில் இருப்புத் தொகை கரையும். பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு விலகியதனால் அவ்விதிக்கு வெளியே நிற்கிறது. லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று எட்டே நாளில் ஓடும் குழுவுக்கு, அந்நாடுகள் அனைத்தையும் உள்ளடக்கிய ஓர் இந்திய ரோமிங் திட்டமே தக்கது. திட்டத்தின் நாடுகள் பட்டியலில் சுவிட்சர்லாந்து என்னும் பெயர் உள்ளதா என்று கண்ணால் பார்த்தபின் பணம் செலுத்துதல் வேண்டும்.

சீனம் செல்லும் வணிகர்க்கு வேறொரு காரணத்தால் ரோமிங் உதவும். ரோமிங்கில் திறக்கப்படும் இணையம், பெரும்பாலும் தாய்நாட்டு நிறுவனத்தின் வழியாகவே சென்று மீளும். இதனால் வேகம் சற்றுக் குறைவதுண்டு. ஆனால் சீனத்தில் கூகுளும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டுள்ளன. அங்கு வாங்கிய அட்டையில் அவை இயங்கா. தாய்நாட்டு வழியே செல்லும் ரோமிங் இணையத்தில் அவை இயங்குகின்றன. குவாங்சோவுக்குச் சரக்கு எடுக்கச் செல்வோர் இதனை அனுபவத்தால் அறிவர்.

உள்ளூர் அட்டையின் நன்மை விலை மட்டுமன்று. அந்நாட்டு எண் ஒன்று கையில் இருந்தால் வாடகைக் காரோட்டி அழைக்கலாம், மருத்துவமனை அழைக்கலாம், பக்கத்து வீட்டார் தயக்கமின்றி அழைக்கலாம். வழிதவறிய முதியவர் ஒருவர், இந்திய எண்ணைக் காட்டி இதனை அழையுங்கள் என்றால், பன்னாட்டு அழைப்புக்கு அஞ்சி அயலார் பின்வாங்குவர். அந்தி சாய்வதற்குள் உணவை முடித்துக்கொள்ளும் நெறியுடையோர்க்கு, இறங்கிய இடத்திலிருந்து சைவ உணவகம் எவ்வளவு தொலைவு என்று உடனே பார்க்கத் தடையற்ற இணையம் பெருந்துணை.

அட்டை வாங்குகையில் கடவுச்சீட்டைக் காட்டவேண்டும்; பல நாடுகளில் அது சட்டம். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று முன்பண அட்டைக்கு மேல் வழங்கப்படுவதில்லை. பெயர் பதிந்த அட்டையை ஊர் திரும்புகையில் வேறொருவரிடம், "மீதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு வருவது நல்ல மனத்தால் செய்யப்படுவதே. ஆனால் அந்த அட்டையால் பின்னர் ஏதேனும் தீங்கு நேர்ந்தால் ஏட்டில் இருப்பது கொடுத்தவரின் கடவுச்சீட்டு எண். ஒடித்துப் போட்டுவிடுதல் நன்று.

துபாய், அபுதாபி செல்வோர்க்கு ஒரு குறிப்பு. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், படம் அனுப்பலாம், அழைத்துப் பேசுவதற்கு அனுமதி இல்லை. மகன் வீட்டில் வைஃபை இருக்கிறது, அதில் நாள்தோறும் ஊருக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நம்பிச் சென்ற தாய்மார் பலர் முதல்நாளே திகைத்துள்ளனர். அங்கு அனுமதி பெற்ற பேச்சுச் செயலிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை ஊரிலுள்ளோர் கைபேசியிலும் முன்கூட்டியே நிறுவிவிட்டுச் செல்லுதல் வேண்டும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. இன்றைய கைபேசிகள் பலவற்றில் இரண்டு அட்டைகள் இயங்கும். இந்திய அட்டை குறுஞ்செய்திக்கு. உள்ளூர் அட்டை பேச்சுக்கும் இணையத்திற்கும். அமைப்புகளுக்குள் சென்று, இந்திய அட்டையின் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்துவைக்க வேண்டும். ஒரு வழியில் இணையம் தளர்ந்தால் மறுவழிக்குத் தானே மாறும் வசதியும் சில கைபேசிகளில் உண்டு. அதனையும் அணைக்க வேண்டும். இல்லையேல், உரியவர் உறங்கும் வேளையில் கைபேசி இந்திய அட்டையின் வழியே படங்களைச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். புதிய எண்ணைக் கண்டதும் வாட்ஸ்அப், எண்ணை மாற்றலாமா என்று கேட்டால், பழைய எண்ணே இருக்கட்டும் என்று விடையளித்தல் வேண்டும்.

இரண்டாவது அட்டைக்கு இடமில்லாத கைபேசியில் இ-சிம் கைகொடுக்கும். இது கையில் பிடிக்கும் அட்டையன்று. கைபேசிக்குள்ளேயே பொருத்தப்பட்ட சில்லில், ஒரு சதுரக் குறியைப் படம்பிடித்து எண்ணை ஏற்றிக்கொள்ளும் முறை. பயணியர்க்கான இ-சிம்மை வீட்டில் இருந்தபடியே வாங்கலாம். இவற்றுள் பல இணையம் மட்டுமே தருவன. அழைப்பதற்கு உள்ளூர் எண் தாரா. வாங்குமுன் அதனைப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அன்போடு அனுப்பும் ஐபோனில் ஒரு சிக்கல் உண்டு. 2022இல் வெளிவந்த ஐபோன் 14 முதற்கொண்டு, அமெரிக்காவில் விற்கப்படுபவற்றில் அட்டை செருகும் தட்டே இல்லை. இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றினால்தான் அதில் இயங்கும். மாற்றுவதை விமானம் ஏறும் நாளில் செய்தல் கூடாது. அட்டையை மாற்றியபின் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி நிறுத்தப்பட வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஆணை. திருடர்கள் போலி அட்டை பெற்று வங்கிப் பணத்தைக் கவர்வதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆயினும் பயணத்தின் முதல்நாள் மாலையில் மாற்றியவர்க்கு, விமான நிலையத்தில் அவசரத்திற்கு ஓ.டி.பி. வாராது. பத்து நாள் முன்னரே மாற்றிச் சோதித்துக்கொள்ளலாம்.

இங்கே, பல குடும்பங்களில் நடைபெறும் மூன்றாம் வழி ஒன்றைப் பற்றியும் கூறாமல் இருக்கலாகாது. இந்திய அட்டையை ஊரிலேயே ஒரு பழைய கைபேசியில் போட்டு, அண்ணன் மகனிடமோ அடுத்த வீட்டாரிடமோ கொடுத்துச் செல்கின்றனர். ஓ.டி.பி. வந்தால் அவர் படித்துச் சொல்வார். நம்பிக்கையின்மேல் நடக்கும் செயல். பெரும்பாலும் நல்லபடியே முடிகிறது. ஆனாலும் இது ஏற்கத்தக்கதன்று. ஓ.டி.பி. சில நிமிடங்களே உயிரோடிருக்கும். நியூ ஜெர்சியில் மாலை என்றால் வந்தவாசியில் விடியுமுன் உறக்கம். அதனினும் பெரிது, பிறரிடம் ஓ.டி.பி. பகிர்தல் வங்கி விதிக்கு மாறானது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல் முதலியவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததனால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சாரும். அட்டையைக் கையில் வைத்திருந்த பையன் மாசற்றவனாகவே இருப்பான்; ஆனால் ஏமாற்றுக்காரன் ஒருவன் அவனை அழைத்து, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று கேட்டால் அவன் தடுமாறலாம். ஐயம் விழுவதும் அவன்மேல்தான். உறவுகளை அந்தச் சோதனைக்கு உள்ளாக்க வேண்டுவதில்லை.

மேலும், வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவுசெய்த எண்ணின் அட்டை அதே கைபேசியில் இருந்தால்தான் இயங்கவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் ஆணை பிறப்பித்தது. யு.பி.ஐ. செயலிகள் முன்னரே அவ்வாறுதான் அட்டையோடு பிணைக்கப்பட்டவை. அட்டையைக் கழற்றி நாட்குறிப்பேட்டில் வைக்கும் பழக்கத்திற்கு இனி இடமில்லை.

எண்ணுக்கு உயிரூட்டுவது எப்படி? 90 நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கிய எண், குறைந்தது மற்றொரு 90 நாள் கழிந்தபின் வேறொருவர்க்கு ஒதுக்கப்படும். பெற்றோர்க்கு அமெரிக்காவில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. ஆறு மாதம் என்பது இவ்விரு தவணைகளின் கூட்டுத்தொகை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் கைக்குப் போன எண்ணில் முந்தையவரின் வங்கிச் செய்திகள் சென்று இறங்கும் அவலமும் உண்டு. ஆகவே, பயண நாட்களை எண்ணி, அதற்கு மேலும் ஒரு மாதம் செல்லுபடியாகும் திட்டத்தைப் புறப்படுமுன் போட்டுவிட வேண்டும். ஓராண்டுத் திட்டமாயின் கவலையே இல்லை. அங்கிருந்து வாரம் ஒருமுறை இந்திய அட்டையில் அலைவரிசைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது போதும்.

பொத்தான் கைபேசியை விட மாட்டேன் என்னும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உள்ளனர். பழைய 2ஜி கைபேசிகள் சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலிருந்து இயங்குவதில்லை. அங்கு அவ்வலைவரிசையே மூடப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் 3ஜியும் 2024இல் மூடப்பட்டது. ஜப்பானில் இந்தியாவின் 2ஜி முறை எக்காலத்தும் இருந்ததில்லை. அங்கெல்லாம் எந்த அட்டையைப் போட்டாலும் அக்கைபேசி பேசாது. 4ஜியில் பேசும் கைபேசி ஒன்றை இரண்டு மாதம் முன்னரே வாங்கிக் கொடுத்துக் கைப்பழக்கம் ஏற்படுத்துவது பிள்ளைகளின் கடமை. விமான நிலையத்தில் கொடுத்துக் கற்பிக்க முயல்வது கொடுமை.

எல்லைகளைக் கைபேசி மதிப்பதில்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்போர் சிலருக்கு, இலங்கை உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி வந்ததுண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில் குடியிருப்போரின் கைபேசி, சில வேளை நீரிணைக்கு அப்பாலுள்ள ஜொகூர் பாருவின் கோபுரத்தைப் பற்றும். சொகுசுக் கப்பலில் செல்வோர் நிலை இன்னும் இடருடையது. கரை மறைந்ததும் கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் அலைவரிசை கைபேசியை ஈர்த்துக்கொள்ளும். வழக்கமான ரோமிங் திட்டங்களுள் அது அடங்காது. கட்டணம் மிகக் கடுமையானது. கப்பல் புறப்படும் மணியோடு கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுவதே வழி.

அந்தத் தலைமையாசிரியர் அக்டோபரில் ஊர் திரும்பினார். பதினைந்து ஆண்டு அவருடையதாய் இருந்த எண் மீளவில்லை. புதிய எண்ணைப் பெற்று வங்கிக்கும், கருவூலத்திற்கும், எரிவாயு முகவரிடமும், ஆதார் மையத்திற்கும் நடந்தார். மூப்பில் அந்த அலைச்சல் ஒரு மாதம் நீடித்தது. தம்பி மகளின் வளையல்களை மீட்டுக் கொடுத்ததுதான் ஊர் வந்ததும் அவர் செய்த முதல் வேலை.

ஈராண்டு கழித்து மறுமுறை நியூ ஜெர்சி சென்றபோது, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னரே நிறுவனத்தின் கிளைக்குச் சென்றார். ஓராண்டுத் திட்டம் போட்டார். ரோமிங்கை இயக்கச் செய்து, இயங்கியதற்கு வந்த குறுஞ்செய்தியை மனைவியிடம் படித்துக் காட்டினார். கைபேசியில் இரண்டு அட்டைக்கும் இடம் இருந்தது. மருமகன் வாங்கித் தந்த உள்ளூர் அட்டை இரண்டாம் இடத்தில் அமர்ந்தது.

மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் அவருடைய தலைமாட்டில் கைபேசி ஒலித்தது. அடுத்த அறையிலிருந்து மகள் எழுந்து வந்தாள்.

"இந்த நேரத்தில் யாரப்பா? ஊரில் ஏதாவது...?"

அவர் கண்ணாடியைத் தேடி அணிந்து திரையைப் பார்த்தார். வங்கியின் குறுஞ்செய்தி, ஊரில் அப்போது காலை.

"ஓய்வூதியம் வரவு வைத்திருக்கிறார்கள் அம்மா. நீ போய்ப் படு" என்றார்.